நாலு குப்பி போர்பன் இருக்கிறது, எதை முதலில் திறப்பது?

தோவாளைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவும் அத்தானும் டெக்சாஸிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கும்போது ஆளுக்கு இரண்டு வீதம் நாலு குப்பி போர்பன், அதாவது அமெரிக்க விஸ்கி, கொண்டுவந்தார் அத்தான். எல்லாம் 750 மில்லி. ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரை தீர்வை இல்லை என்பதால் கஸ்டம்ஸில் ஒரு தொந்தரவும் வரவில்லை. அக்காவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அவள் பெட்டியில் குப்பி இருந்த இடத்தில் பிள்ளைகளுக்கு எவ்வளவோ கொண்டுவந்திருக்கலாமாம்.

வந்திருப்பவை: மேக்கர்ஸ் மார்க், பஃபலோ டிரேஸ், வைல்ட் டர்க்கி 101, புக்கர்ஸ்.

சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்காருவதாகப் பேச்சு. நான், அத்தான், சித்தப்பா, அப்புறம் என் கூட்டுக்காரன் ஒருத்தன். அத்தானைத் தவிர வேறு யாரும் போர்பனை வாயில் வைத்ததில்லை. சித்தப்பா காலம் முழுக்க பிராந்தி. கூட்டுக்காரன் பீரைத் தாண்டினதே கிடையாது. நான் எப்போதாவது யாராவது கொண்டுவந்தால் ஸ்காட்ச், அவ்வளவுதான்.

இப்போது வீட்டில் ஓடுகிற சண்டை வரிசையைப் பற்றியது. அத்தான் சொல்வது, "நாக்கு புதுசாக இருக்கும்போதே நல்ல சரக்கைக் குடித்துவிட வேண்டும், அதனால் புக்கர்ஸ்தான் முதலில்." சித்தப்பா ஒவ்வொன்றின் விலையையும் கேட்டு ரூபாயாக மாற்றி நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். விலை குறைந்ததில் தொடங்கி விலை கூடியதில் முடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கூட்டுக்காரனுக்குச் சிவப்பு மெழுகு வழிகிற குப்பிதான் அழகாக இருக்கிறதாம், அதை முதலில் திறக்கலாம் என்கிறான்.

நான் லேபிளைப் பார்த்தேன். மேக்கர்ஸ் 45 சதவீதம், பஃபலோவும் 45, டர்க்கி 50.5, புக்கர்ஸ் 62 சொச்சம். நம்ம கடைச் சரக்கு 42.8. அந்த 62-ஐப் பார்த்ததிலிருந்துதான் இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

நாலையும் ஒரே ராத்திரியில் குடிக்கலாமா? என்ன வரிசை? டச்சிங்ஸ் என்ன வைக்கலாம்? அம்மா நெய்மீன் பொரித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், எதற்கென்று தெரியாத மாதிரியே.

---

வடசேரி சந்தை:

குடிக்கிறதுக்கு வரிசையா? ரேஷன் கடையில்தான் வரிசை கேள்விப்பட்டிருக்கிறேன். நாலிலும் ஒரு லார்ஜ், சோடா, ஐஸ் கட்டி, முடிந்தது. நாலாவது ரவுண்டில் எது மேக்கர், எது டர்க்கி என்று யாருக்கு நினைவிருக்கப் போகிறது? நெய்மீன் மட்டும் சூடாக இருக்க வேண்டும். வீடு தோவாளையில் எந்தப் பக்கம் தம்பி?

---

குளச்சல் கப்பல்காரன்:

தம்பி, வடசேரி அண்ணாச்சி சொன்ன மாதிரி செய்தால் சித்தப்பாவுக்கும் பிராந்திக்கும் உள்ள உறவு மேலும் பலப்படும், வேறு பலன் இல்லை. நான் புளோரிடாவிலிருந்து கரீபியன் பக்கம் போகிற பயணிகள் கப்பலில் பல வருஷம் பார் பார்த்தவன். இப்போது ஊரில் மீன்வலைக் கடை. கப்பலில் அமெரிக்கப் பயணிகள் வந்து "நாலைந்து போர்பன் வரிசையாக ஊற்று" என்று கேட்பார்கள். எதை எதற்குப் பின்னால் ஊற்றுகிறோம் என்பதை வைத்தே பார்மேனை எடை போட்டுவிடுவார்கள்.

விலையை மறந்துவிடுங்கள். சித்தப்பாவின் தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வையுங்கள். அமெரிக்காவில் ஒரு போர்பனின் விலையைத் தீர்மானிப்பதில் ருசிக்குச் சமமாகத் தட்டுப்பாட்டுக்கும் பேருக்கும் பங்கு உண்டு. பஃபலோ டிரேஸ் ஒரு கடையில் அலமாரி நிறைய இருக்கும், அடுத்த ஊரில் ஆளுக்கு ஒன்றுதான் என்பார்கள். அந்த விலை நாக்குக்குத் தெரியாது.

பார்க்க வேண்டியது முதலில் வீரியம், அடுத்தது தானியம். வீரியம் குறைந்தது முன்னால், கூடினது பின்னால். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்ததும் அடைப்பிரதமனை விளம்பிவிட்டு அப்புறம் பருப்பும் நெய்யும் கொண்டுவந்தால் பருப்பு என்ன பாவம் செய்தது? 62-ஐக் குடித்த நாக்குக்கு 45 தண்ணீராகத்தான் தெரியும். அத்தான் சொல்கிற வரிசையில் போனால் ஒரு குப்பியை ருசித்தீர்கள், மூன்று குப்பியை வீணாக்கினீர்கள் என்று அர்த்தம்.

உங்களிடம் 45-இல் இரண்டு இருக்கிறது, அங்கேதான் தானியம் வருகிறது. போர்பன் என்று சொல்ல வேண்டுமானால் அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும், தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் தீயில் கருக்கின புத்தம்புது ஓக் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். இது அவர்கள் நாட்டுச் சட்டம். சோளம் இனிப்பைக் கொடுக்கும், முளைகட்டின பார்லி கொஞ்சம் சேரும், மீதி இடத்தில் பெரும்பாலானவர்கள் போடுவது ரை என்ற தானியம். ரை கொஞ்சம் மிளகு மாதிரி நாக்கை நிமிண்டும். மேக்கர்ஸில் ரை கிடையாது, அதற்குப் பதில் கோதுமை. 70 சோளம், 16 கோதுமை, 14 பார்லி என்று அவர்களே வெளியில் சொல்கிறார்கள். அதனால் அது சாது. நாக்கின் முன்பக்கமே வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். எனவே மேக்கர்ஸ் முதலில். உங்கள் கூட்டுக்காரன் மெழுகைப் பார்த்துச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அந்த மெழுகைக் கத்தியால் செதுக்க வேண்டாம், கழுத்தில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

இரண்டாவது பஃபலோ டிரேஸ். இதில் ரை உண்டு, ஆனால் அளவு எவ்வளவு என்று அவர்கள் வாய் திறப்பதில்லை. ருசியில் அதிகம் தெரியாது. மேக்கர்ஸுக்கு அடுத்து உடனே குடித்தால் கோதுமைக்கும் ரைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே பிடிபடும். இரண்டும் ஒரே வீரியம் என்பதால் வித்தியாசம் தானியத்தாலும் செய்முறையாலும் வருவதுதான், எரிச்சலால் அல்ல. இந்த நாலில் எனக்குப் பிடித்த ஜோடி இதுதான். நேரம் இல்லை என்றால் இந்த இரண்டை மட்டும் குடித்துவிட்டு எழுந்திருங்கள் என்றுகூடச் சொல்வேன்.

மூன்றாவது டர்க்கி. 101 என்பது அவர்களுடைய புரூஃப் கணக்கு, பாதியாக்கினால் நம்ம சதவீதம். பீப்பாயின் உள்பக்கத்தை நன்றாகக் கருக்குவார்கள். முதலைத் தோல் மாதிரி வெடித்து நிற்கும் என்பதால் அந்தக் கருக்கலுக்கே முதலை என்று பேர். 1954-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஜிம்மி ரசல் என்ற பெரியவர், சுற்றிலும் எல்லாரும் வீரியத்தைக் குறைத்துக்கொண்டே போன காலத்திலும் தன் முறையை மாற்றவில்லை. இதில் கிராம்பு வரும், கருகின சர்க்கரை வரும். சித்தப்பாவுக்கு இதுதான் பிடிக்கும் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

கடைசியில் புக்கர்ஸ். இது பீப்பாயிலிருந்து தண்ணீர் சேர்க்காமல் குப்பிக்கு வருவது. ஜிம் பீம் என்ற போர்பன் தயாரிப்பாளரின் பேரன் புக்கர் நோ தொடங்கினது. பீப்பாய்க்குள் ஊற்றும்போது 62.5-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். இவை வருகிற கெண்டக்கி மாநிலத்தில் கோடை வெயில் கடுமை, கிடங்கின் மேல்தட்டில் தண்ணீர் சாராயத்தைவிட வேகமாக ஆவியாகும், அதனால் சில பீப்பாய்களில் வீரியம் இறங்குவதற்குப் பதிலாக ஏறிவிடும். உங்கள் குப்பியின் எண் அதனால்தான் அப்படி இருக்கிறது. இதை அப்படியே ஒரு வாய் நனைத்துப் பாருங்கள். அப்புறம் 20 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 50-க்கு வந்து நிற்கும். அப்போதுதான் முகர முடியும்.

இனி அளவு. வரிசையைவிட இதுதான் முக்கியம். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 15 மில்லி, அதற்குமேல் வேண்டாம். நாலும் சேர்ந்தால் அதில் இருக்கிற சாராயம் நம்ம ஊர்ச் சரக்கில் ஒரு லார்ஜைவிடக் கொஞ்சம் கூடுதல். 30, 30 என்று ஊற்றினால் அதுவே முக்கால் குவார்ட்டரைத் தாண்டிவிடும், புக்கர்ஸ் வரும்போது சித்தப்பா பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். இருமல் மருந்து மூடியில் கோடு போட்டிருக்கும், அதில் அளந்தாலே போதும். கழுவிவிட்டு.

இரண்டு குப்பிக்கு நடுவில் கால் மணி நேரம் விடுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஐஸ் வேண்டாம், ஆனால் நம்ம ஊர் சூட்டில் குப்பியை அப்படியே திறந்தால் மூக்கில் சாராயம்தான் ஏறும். சாயங்காலமே கிணற்றுத் தண்ணீர் வாளியில் குப்பிகளைக் கழுத்தளவு நிறுத்தி வையுங்கள், லேபிள் ஊறினால் பரவாயில்லை. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். வாய் குறுகின சின்னக் கண்ணாடி எதுவானாலும் சரி. ஊறுகாய் போட்டு வைத்த குப்பி மட்டும் கூடாது, எவ்வளவு கழுவினாலும் போகாது.

டச்சிங்ஸ். நெய்மீன் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் நாலாவது குப்பி முடிந்த பிறகு வரட்டும். அதுவரை உப்பு மட்டும் போட்டு அவித்த மரச்சீனிக் கிழங்கு. மிளகாய்த் துவையல் பக்கத்தில் வரக் கூடாது. ஏத்தங்காய் சிப்ஸும் வேண்டாம், தேங்காயெண்ணெய் நாக்கில் படிந்து உட்கார்ந்துவிடும்.

கப்பலில் நான் செய்த ஒரு காரியம் சொல்கிறேன். போர்பன் பழக்கமில்லாதவர்களிடம் "வெண்ணிலா தெரிகிறதா, கேரமல் தெரிகிறதா" என்று கேட்டால் வெறுமனே தலையாட்டுவார்கள். மணம் வருகிற பொருளையே ஒரு தட்டில் வைத்துவிட்டால் தானாகக் கண்டுபிடிப்பார்கள். உங்கள் வீட்டிலேயே எல்லாம் இருக்கும். ஒரு துண்டு கருப்பட்டி, நாலு கிராம்பு, ஒரு கரண்டி மார்த்தாண்டம் தேன், நன்றாகப் பழுத்த மட்டிப்பழம் ஒன்று, கொஞ்சம் கஸ்டர்டு பவுடர். தின்பதற்கு இல்லை. போர்பனை முகர்ந்துவிட்டு இவற்றை முகர்ந்து பாருங்கள்.

---

குலசேகரம் ரப்பர்:

அண்ணாச்சி, இடையில் ஒரு கேள்வி. என்னிடம் ஜேக் டேனியல்ஸ் ஒன்று இருக்கிறது. அது இந்த வரிசையில் எங்கே வரும்? அது போர்பனா இல்லையா என்று மச்சானுக்கும் எனக்கும் பந்தயம்.

---

தோவாளைக்காரன்:

அண்ணாச்சி, மிக்க நன்றி. படித்துக் காட்டினேன். சித்தப்பா மரச்சீனிக் கிழங்குக்குச் சம்மதம், கருப்பட்டியை முகர்வதற்கு மட்டும் வைப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. அத்தான்தான் இறங்கி வரவில்லை. அவர் எழுதச் சொன்னது: "கடைசியில் குடிக்கிற சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நாக்கு மரத்துப்போன பிறகு என்ன தெரியும்? நல்லதைக் கடைசியில் வைப்பதும் வீணாக்குவதும் ஒன்றுதான்." கேட்கும்போது அதிலும் நியாயம் இருக்கிற மாதிரித்தான் தோன்றுகிறது. அவர் காசு போட்டு வாங்கின குப்பி வேறு.

---

தக்கலை டீச்சர்:

நான் குடிப்பதில்லை, எங்கள் வீட்டிலும் யாரும் இல்லை. கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன், அந்தத் தட்டைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கப்பல்கார அண்ணன் சொன்ன பொருள்கள் வெறும் உவமை இல்லை. மட்டிப்பழத்தின் மணத்தில் பெரும்பங்கு ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரால் வருவது. ஈஸ்ட் நொதிக்கும்போது அதே எஸ்டர் உண்டாகிறது, போர்பனில் வாழைப்பழ வாசனை வந்தால் அது அதுதான். கிராம்பில் இருப்பது யூஜினால், ஓக் மரத்திலும் யூஜினால் உண்டு. மாறாமலைக் கிராம்பும் அமெரிக்க ஓக்கும் ஒரே மூலக்கூறைத்தான் வைத்திருக்கின்றன. மரத்தைச் சுடும்போது அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் சிதைந்து வெண்ணிலா மணம் தருகிற வெனிலின் வருகிறது, மரத்தில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் உடைந்து சர்க்கரையாகிக் கருகுவதால் அந்தக் கருப்பட்டி வாசனை. என் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை இப்படி ஒரு தட்டை வைத்து நடத்தலாம் போலிருக்கிறது, குப்பி இல்லாமல்.

எரிச்சலைப் பற்றி. நாக்கிலும் வாயிலும் சூட்டை உணர்கிற ஒரு வகை உணர்வி இருக்கிறது. சாதாரணமாக 43 டிகிரிக்கு மேல் போனால்தான் அது விழித்துக்கொள்ளும். மிளகாயின் காரப்பொருள் பட்டாலும் விழிக்கும், அதனால்தான் மிளகாய் "சுடுகிறது". சாராயம் செய்கிற வேலை வேறு. அந்த 43 டிகிரி எல்லையைக் கீழே இறக்கிவிடுகிறது, நம் உடம்புச் சூட்டுக்கும் கீழே. அதாவது வாய் தன் சொந்தச் சூட்டையே நெருப்பாக உணர்கிறது. மிளகாய்ப் பொடி தடவிப் பொரித்த மீனும் 62 சதவீதச் சாராயமும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. மீனைப் பின்னால் தள்ளச் சொன்னது சரியான யோசனை.

ஆனால் வரிசையைப் பொறுத்தவரை உங்கள் அத்தான் முழுக்கத் தப்பு இல்லை. மூக்கு ஒரே மணத்துக்குச் சில நிமிஷத்தில் பழகி அதைக் கவனிப்பதை விட்டுவிடும். நாலும் ஒரே குடும்பத்து மணம் என்பதால் நாலாவதில் வெண்ணிலாவும் ஓக்கும் மங்கித்தான் தெரியும். கால் மணி நேர இடைவெளி அதற்காகத்தான் வேண்டும். அந்த நேரத்தில் எழுந்து மாடியில் கொஞ்சம் நடங்கள், உட்கார்ந்த இடத்திலேயே குப்பிகளைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால் இடைவெளிக்குப் பயன் இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்களில் யாரும் பைக்கில் திரும்பிப் போக வேண்டாம். டீச்சர் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியாது.

---

குளச்சல் கப்பல்காரன்:

டீச்சர், கப்பலில் இத்தனை வருஷம் தட்டை நீட்டியிருக்கிறேன், காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றி.

குலசேகரம் தம்பிக்கு: சட்டப்படி பார்த்தால் ஜேக் டேனியல்ஸ் போர்பனுக்கு உள்ள நிபந்தனைகளைப் பெரும்பாலும் நிறைவேற்றும். பீப்பாய்க்குப் போகும் முன் சர்க்கரை மேப்பிள் மரக் கரியில் வடிப்பார்கள், அதனால் அவர்கள் அதை டென்னசி விஸ்கி என்றே விற்கிறார்கள். பந்தயத்தில் இரண்டு பேரும் பாதிப் பாதி. வரிசையில் அதை மேக்கர்ஸுக்கும் முன்னால் வையுங்கள். மட்டிப்பழத்தைப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள், சிரிப்பு வரும்.

அத்தானுக்கு: நீங்கள் சொல்கிற கட்சியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், அதில் பாதி சரி. ஆனால் ஒன்று கவனியுங்கள். அன்றைய முதல் வாய் எப்போதுமே நஷ்டக் கணக்கு. அதில் எரிச்சல் மட்டும்தான் தெரியும், எந்தக் குப்பியாக இருந்தாலும். அந்த முதல் வாயைப் புக்கர்ஸுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? கெண்டக்கியில் ஊறின பெரிய மனுஷர்களே முதல் வாயை வாய்க்குள் உருட்டி மென்று விழுங்கிவிட்டு, ருசியை இரண்டாவது வாயிலிருந்துதான் கணக்கில் எடுப்பார்கள்.

அதனால் ஒரு நடுவழி. நாக்கு மரத்துவிடும் என்று உண்மையிலேயே பயந்தால், நாலையும் ஒரே ராத்திரியில் வைக்காதீர்கள். சனிக்கிழமை மேக்கர்ஸ், பஃபலோ. ஞாயிற்றுக்கிழமை மேக்கர்ஸில் ஒரு வாய் நனைத்துவிட்டு நேராக டர்க்கி, புக்கர்ஸ். அப்போது புக்கர்ஸ் மூன்றாவதாக வருகிறது, நாக்கும் விழித்திருக்கிறது, எரிச்சலும் பழகியிருக்கிறது. லீவு முடிகிறது, ஒரே ராத்திரிதான் என்றால் முன்னால் சொன்ன வரிசைதான், 15 மில்லி, அதில் மாற்றம் இல்லை.

வரிசையில் நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு சோதனை. புக்கர்ஸ் முடிந்ததும், வேறு எதுவும் சாப்பிடாமல், மேக்கர்ஸில் மறுபடி ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்று, சித்தப்பாவுக்காக. எந்தக் கண்ணாடியில் எது என்று குடிக்கிறவர்களுக்குத் தெரியாமல் ஒருத்தர் ஊற்றி, கண்ணாடியின் அடியில் சாக்பீஸால் எழுதி வைத்தால் நல்லது. வரிசை உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரிய வேண்டாம். விலை தெரிந்துவிட்டால் விலைதான் ருசிக்கும்.

---

வடசேரி சந்தை:

ஒரு லார்ஜ் அடிக்க வேதியியல், சாக்பீஸ், இருமல் மருந்து மூடி, கிணற்று வாளி. கப்பலில் ஆள் பைத்தியம் பிடிக்காமல் திரும்பி வந்ததே பெரிய விஷயம் அண்ணாச்சி. ஆனால் அந்தக் கடைசிச் சோதனையை நான் நம்ம பிராந்தியில் செய்து பார்க்கப் போகிறேன்.

---

தோவாளைக்காரன்:

கேட்டுவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரே ராத்திரியில்தான் வைத்தோம், ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மாமியார் வீட்டில் விருந்து. ஊற்றுகிற வேலை எனக்கு. சாக்பீஸ் ஈரத்தில் அழிந்துவிட்டது, வீட்டில் இருந்த பொட்டு அட்டையிலிருந்து கலர் கலராக எடுத்துக் கண்ணாடியின் அடியில் ஒட்டினேன்.

மேக்கர்ஸைக் குடித்துவிட்டு சித்தப்பா சொன்னது, "இது சரக்கா, பானகமா?" பிராந்தியைத் தண்ணீர் ஊற்றிக் குடித்தே பழகினவர், வெறுமனே குடித்தும் தொண்டை எரியவில்லை என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பஃபலோ எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் வாயில் ஒன்றும் தோன்றவில்லை, கருப்பட்டியை முகர்ந்துவிட்டு மறுபடி முகர்ந்தபோது அப்படியே இருந்தது, கருப்பட்டி காய்ச்சுகிற இடத்தில் பாகு இறக்கினதும் வருகிற அந்தச் சூடான வாசனை. கூட்டுக்காரன் மட்டிப்பழம் வருகிறது என்றான், எனக்கு வரவில்லை. பிறகு பார்த்தால் அவன் தட்டிலிருந்த பழத்தைத் தின்றுவிட்டிருந்தான்.

டர்க்கியில் கிராம்பை முதலில் சொன்னது சித்தப்பாதான், தட்டைப் பார்க்காமலே. அண்ணாச்சி பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். விலைத்தாளை எடுத்துப் பார்த்து, தனக்குப் பிடித்தது விலை கூடினது இல்லை என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு சந்தோஷம். மிச்சம் பிடித்த மாதிரி.

புக்கர்ஸில் அத்தான் தண்ணீர் வேண்டாம் என்று அப்படியே ஒரு வாய் விழுங்கினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர். கீழேயிருந்து அம்மா "யாருக்கு இருமல்" என்று கேட்டாள். டீஸ்பூன் தண்ணீர் ஊற்றின பிறகுதான் எங்களுக்கு முகர முடிந்தது. வறுத்த நிலக்கடலை மாதிரி ஒரு வாசனை, அது தட்டில் இல்லாத ஒன்று. நாலு பேரில் மூன்று பேர் அதையே சொன்னோம்.

அப்புறம் அந்தச் சோதனை. மேக்கர்ஸை மறுபடி ஒரு வாய் கொடுத்தேன். கூட்டுக்காரன் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நான் குப்பியில் தண்ணீர் கலந்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்தான். அவன் கண் முன்னால்தான் ஊற்றினேன் என்றாலும் நம்பவில்லை. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த லீவுக்கு எதை எதைக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். அக்கா பெட்டியில் இனி ஒரு குப்பிக்கும் இடம் இல்லை என்று அக்கா சொல்லியாகிவிட்டது.

நெய்மீன் கடைசியில் வந்தது. கூட்டுக்காரன் ராத்திரி எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டான் டீச்சர்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி அண்ணாச்சி. நாலு குப்பியிலும் முக்கால்வாசிக்கு மேல் மீதி இருக்கிறது. அத்தான் ஊருக்குப் போய்விடுவார். எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? படுக்க வைக்கலாமா?

---

குளச்சல் கப்பல்காரன்:

படுக்க வைக்காதீர்கள். அது வைனுக்கு. இவ்வளவு வீரியமான சரக்கு தக்கையில் பட்டுக்கொண்டே இருந்தால் தக்கை அரித்துப்போய் உள்ளே உதிரும். நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். முக்கால் குப்பி மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். கால் குப்பிக்குக் கீழே போய்விட்டால் உள்ளே காற்று அதிகம், மணம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும், அப்போது தாமதிக்காமல் முடித்துவிடுங்கள். அல்லது சின்னக் குப்பிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் காலியாகப் போவது மேக்கர்ஸாகத்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் அதில்தானே தொடங்குவீர்கள். புக்கர்ஸ் மெழுகை உடைத்த இடத்தில் துணியால் துடைத்துவிட்டுத் தக்கையை அழுத்தி மூடுங்கள். சித்தப்பா கைக்கு எட்டுகிற தட்டில் டர்க்கியை வைக்க வேண்டாம்.

---

குலசேகரம் ரப்பர்:

மட்டிப்பழம் வந்தது அண்ணாச்சி. மச்சான் பந்தயப் பணத்தில் பாதியைத் தரமாட்டேன் என்கிறான், உங்கள் பதிலைக் காட்டியும் கேட்கவில்லை.